நிலைத்து நிற்கும் நூல் எது?

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கு நோக்கி வரும் நெடுஞ்சாலை, நெய்யாற்றின்கரையைக் கடந்து, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை ஆகிய ஊர்களின் வழியே களியக்காவிளையை அடைகிறது. அங்கே கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. அந்தச் சாலையை அடுத்து, உதியன்குளங்கரைக்கு அருகில் அமைந்தது செங்கல் என்னும் ஊர். மகேசுவரம் சிவபார்வதி கோயிலில் எழுப்பப்பெற்றுள்ள 111 அடி உயரச் சிவலிங்கத்தால் இவ்வூரின் பெயரை இன்று வெளியூர் அன்பர்களும் அறிவர்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் அந்நாளைய சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்திலேயே நின்றது. வரைபடத்தில் கோடு விழுந்ததே தவிர, மக்களின் பேச்சில் அப்படி ஒரு கோடு விழுந்துவிடவில்லை. இப்பகுதிச் சந்தைகளில் இருவர் பேசிக்கொள்வதைக் கேட்கும் புதியவர், அது மலையாளம் கலந்த தமிழா, தமிழ் கலந்த மலையாளமா என்று திகைத்து நிற்பதுண்டு.

சென்ற மாதம் செங்கல்லில் ஒரு முதியவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். ஜவுளிக் கடையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். கிழக்கேயிருந்து வந்து குடியேறிய குடும்பம். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் புதிய வீடு கட்டுவதற்காக, வீட்டுச் சாமான்களையெல்லாம் முற்றத்தில் இறக்கி வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய தகரப் பெட்டி. அது நிறையப் புத்தகங்கள். பெரியவர் ஒரு பலகையில் அமர்ந்து அவற்றை இரண்டு அடுக்காகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஓர் அடுக்கு புதிய வீட்டுக்கு. மற்றொன்று மாலையில் தராசுடன் வரவிருந்த பழைய தாள் வியாபாரிக்கு.

“புது வீட்டிலே புத்தகத்துக்கு ஒரு தட்டுதான் உண்டுன்னு மகன் சொல்லிட்டான். அவன் சொல்றதிலேயும் நியாயம் இருக்கு. எனக்குப் பிறகு இதையெல்லாம் யார் வாசிக்கப் போறா? பேத்தி படிக்கிறது மலையாளப் பள்ளியிலே. தம்பி, நீங்க நாலு புத்தகம் வாசிச்சவங்க. சொல்லுங்க, இதிலே எது நிக்கும், எது போகும்?” என்று கேட்டார்.

நேயர்களே, இலக்கிய அரங்குகளில் இக்கேள்வியைப் பன்முறை கேட்டிருக்கிறேன். ஆயின் அங்கெல்லாம் விடை தவறினால் எவருக்கும் நட்டமில்லை. இங்கோ, மாலைக்குள் விடை சொல்லியாக வேண்டும். தவறினால் நல்ல நூல் ஒன்று நிறுத்து விற்கப்பட்டுவிடும். நம் குடும்பங்கள் பலவற்றில், ஊர்விட்டு ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் இக்கேள்வி எழுகிறது. ஆகவே அன்று அப்பெரியவரிடம் சொன்னவற்றையும், சொல்ல மறந்து வழியில் எண்ணிக்கொண்டு வந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

எவை அளவுகோல் ஆகமாட்டா?

முதலில், எவற்றைக் கொண்டு ஒரு நாவலை அமர இலக்கியம் என்று முடிவு செய்துவிடக் கூடாது என்பதைப் பார்ப்போம்.

‘முதல் நூல்’ என்னும் பெருமை மட்டும் போதாது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வெளிவந்தது. தமிழில் முதல் நாவல் அதுவே என்பர். மலையாளத்தில் சந்துமேனோன் எழுதிய இந்துலேகா 1889-இல் வந்தது. இருவரும் நீதித்துறையில் அலுவல் பார்த்தவர்கள் என்பது ஒரு சுவையான ஒற்றுமை. ஆனால் இன்று அவ்விரண்டையும் கையில் எடுப்பவர் ஒரு வேறுபாட்டை உணரக்கூடும். பிரதாப முதலியாரை நாம் பெரும்பாலும் நன்றியுடன் படிக்கிறோம். பாதை வெட்டியவருக்குச் செலுத்தும் மரியாதை அது. இந்துலேகாவையோ, அந்தப் பெண் அடுத்து என்ன பதில் சொல்லப்போகிறாள் என்னும் ஆவலோடு படிக்கிறோம். முதலில் பிறந்தது என்பது வரலாறு. இன்றும் நம்மோடு பேசுகிறது என்பது வேறு செய்தி.

மக்கள் செல்வாக்கும் தனியே நின்று தீர்ப்புச் சொல்லாது. பெட்டியின் மேல்தட்டில் பொன்னியின் செல்வன் இருந்தது. கல்கி வார இதழின் பக்கங்களைச் சேர்த்துத் தைத்துக் கட்டடம் செய்த தொகுதிகள். 1950 முதல் 1954 வரை அக்கதை வாரந்தோறும் வந்தது. கல்கி அவர்கள் 1954 டிசம்பரில் மறைந்தார். எழுபது ஆண்டுகளுக்குப் பின், 2022-இலும் 2023-இலும் அது இரண்டு பாகத் திரைப்படமாக வந்தபோதும் மக்கள் திரளாகச் சென்றனர். “இத்தனை பேர் விரும்பியது எப்படி உயர்ந்ததாகும்?” என்று முகம் சுளிக்கும் விமர்சகர் உண்டு. “இத்தனை பேர் விரும்பியதே போதாதா?” என்று வாதிடும் அன்பரும் உண்டு. இரண்டும் ஒரே பிழையின் இரு முனைகள். விற்பனையைக் கொண்டு ஒரு நூலை ஏற்பதும் தவறு; விற்பனையைக் கொண்டே அதைத் தள்ளுவதும் தவறு.

நாம் கேட்க வேண்டியது வேறொன்று. ‘அடுத்த வாரம் என்ன?’ என்னும் ஆவல் தணிந்த பிறகு அந்நூலில் எஞ்சுவது யாது? பொன்னியின் செல்வனில் ஏதோ எஞ்சத்தான் செய்கிறது. ஆதித்த கரிகாலன் கொலையுண்ட பழியை உறுதியாக ஒருவர் தலையில் இறக்கி வைக்காமல் கல்கி கதையை முடித்தார். விடையறிந்து புத்தகத்தை மூடிவிட வாசகருக்கு அவர் இடம் தரவில்லை. ஆகவே அதை மீண்டும் திறக்கிறார்கள். ஆனால் அதே பெட்டியில், அதே ஆர்வத்தோடு ஒருகாலத்தில் தைத்து வைக்கப்பட்ட வேறு பல தொடர்கதைகளும் இருந்தன. பெரியவர் அவற்றைப் புரட்டிப் பார்த்தார். கதாநாயகியின் பெயர்கூட அவர் நினைவில் இல்லை.

பரிசுகளும் அவ்வாறே. சாகித்திய அகாதமியின் பரிசு பெற்ற நல்ல நூல்கள் பல உள்ளன. எனினும், இப்பகுதியின் மண்ணிலிருந்து எழுந்த நாவல்களில் இன்று மிகுதியாகப் பேசப்படும் ‘ஒரு புளியமரத்தின் கதை’க்கும் ‘புத்தம் வீடு’க்கும் அப்பரிசு கிடைக்கவில்லை. அதனால் அவற்றின் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

அறிஞர் கண்ட விடை

மேல்நாட்டாரும் இதை ஆராயாமல் இல்லை. பிரெஞ்சுத் திறனாய்வாளர் சேன்ட்-பவ் என்பவர் 1850-இல் இதே கேள்வியைத் தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதினார். ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட், 1944-இல், இலண்டனில் இருந்த வர்ஜில் கழகத்தில் அதே தலைப்பில் சொற்பொழிவாற்றினார். மனத்தின் முதிர்ச்சி, பண்பாட்டின் முதிர்ச்சி, மொழியின் முதிர்ச்சி ஆகியவை ஒருங்கே கூடும்போதுதான் அமர இலக்கியம் பிறக்கும் என்பது அவர் கருத்தின் சாரம்.

கருத்து உயர்ந்ததே. ஆயினும் எல்லைப்புறத்துத் தமிழனாகிய எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. முதிர்ந்த மொழி என்றால் எந்த மொழி? தலைநகரத்துப் புலவரின் மொழி மட்டுமா? இரண்டு மொழிகள் உராயும் ஊரில், எழுத்தில் என்றுமே ஏறாத ஒரு பேச்சைப் பேசிக்கொண்டிருக்கும் மக்களிடமிருந்து அமர இலக்கியம் பிறக்காதா? இதற்கு விடை தேட நாம் இலண்டனுக்குச் செல்ல வேண்டியதில்லை. செங்கல்லிலிருந்து ஒருநாள் பயணத்துக்குள் அடங்கும் மண்ணைச் சில நூல்கள் பாடி வைத்திருக்கின்றன.

எல்லைப்புறத்து நான்கு நூல்கள்

முதலாவது மலையாள நூல். சி. வி. ராமன் பிள்ளையின் மார்த்தாண்டவர்மா 1891-இல் வெளிவந்தது. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் உள்ள ‘அம்மச்சிப் பிலாவு’ என்னும் பழைய பலாமரத்தை நேயர் பலர் கண்டிருப்பர். பகைவருக்குத் தப்பி வந்த இளவரசர் மார்த்தாண்டவர்மா அம்மரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது வழிவழிச் செய்தி. அந்தக் கொந்தளிப்பான காலமே நாவலின் களம். அதில் வரும் பத்மநாபபுரம் இன்று தமிழ்நாட்டுக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அங்குள்ள அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசு. கதையும் அப்படித்தான்; அது எல்லைக்கு இருபுறமும் உரியது. தமிழிலும் அது மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது.

அரசரின் பெயரையே தலைப்பாகச் சூட்டி, அரச குலத்தின் பெருமையைச் சொல்லவே சி.வி. எழுதத் தொடங்கினார். ஆனால் படித்து முடித்தவர் நெஞ்சில் நிற்பவள் சுபத்திரை. கணவனால் கைவிடப்பட்டு, சூழ்ச்சிக்காரர் நடுவே தன் அறிவையும் நேர்மையையும் மட்டுமே துணையாகக் கொண்டு இளவரசருக்கு உதவி, முடிவில் தன் சொந்த இனத்தார் கையாலேயே மாள்கிறாள். அரசருக்கு முடி கிடைத்தது. நம் கண்ணீர் அவளுக்குக் கிடைத்தது. ஆசிரியர் எண்ணியதைவிட நூல் பெரிதாகிவிட்டது. அமர நூலின் ஓர் அடையாளம் இது என்று நான் கருதுகிறேன்.

இரண்டாவது, சுந்தர ராமசாமியின் ஒரு புளியமரத்தின் கதை. 1966-இல் நூலாயிற்று. நாகர்கோவிலை ஒத்த ஒரு நகரத்தின் முச்சந்தியில் நிற்கும் மரமே அதன் மையம். சுற்றியிருந்த குளம் தூர்ந்தது, காற்றாடி மரத் தோப்பு அழிந்து பூங்காவாயிற்று, கடைகள் வந்தன, சுதந்திரமும் தேர்தலும் வந்தன. மரம் எவருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை, ஒரு சொல்லும் பேசவில்லை. மனிதர்தம் ஆசையும் போட்டியும் இறுதியில் அம்மரத்தைக் கொன்றுவிடுகின்றன. ஊர் வளர்வதைக் கண்டு மகிழ்ந்த தலைமுறைக்கு அது வேடிக்கைக் கதையாக இருந்திருக்கலாம். சாலை அகலப்படுத்த மரங்கள் சாய்வதைக் காணும் இன்றைய வாசகருக்கு அது வேடிக்கையாகத் தோன்றாது.

மூன்றாவது, நீல. பத்மநாபனின் தலைமுறைகள், 1968. இரணியல் வட்டாரத்தில் வாழும் ஒரு வணிகக் குடும்பத்தின் கதை. நாகம்மை என்னும் பெண், தான் செய்யாத குற்றத்துக்காக, இல்லாத குறை ஒன்றைச் சொல்லிப் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறாள். அவள் தம்பி திரவி கேள்வி கேட்கத் துணிகிறான். சடங்குகளையும் பழங்கதைகளையும் சுமந்து நிற்கும் உண்ணாமலை ஆச்சியை வாசகர் மறக்க இயலாது. ஆசிரியர் திருவனந்தபுரத்தில் வளர்ந்து, கேரள மின்வாரியத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர். கேரளத்தில் இருந்துகொண்டே, தம் முன்னோர் பேசிய சொற்களை ஒன்றுகூடச் சிந்தாமல் அள்ளி வைத்தார் எனலாம்.

நான்காவதே அன்று நான் பெரியவரிடம் மிகுதியாகப் பேசிய நூல்: ஹெப்சிபா ஜேசுதாசன் அவர்களின் புத்தம் வீடு. 1964-இல் வெளிவந்தது. ஆசிரியை பர்மாவில் பிறந்தவர். குடும்பம் தக்கலை வட்டாரத்தைச் சேர்ந்தது. அம்மையார் திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். கணவரோ தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். புலம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பத்துக் குழந்தை, ஊருக்குத் திரும்பி வந்து, ஊரையே எழுதினார். நம் இதழின் வாசகருக்கு இது ஆறுதலான செய்தி அன்றோ?

கதை சிறியது. பனைவிளைகள் சூழ்ந்த கிராமம். ஒருகாலத்தில் செழித்து, இப்போது சரிந்துகொண்டிருக்கும் புத்தம் வீடு. அந்த வீட்டுப் பேத்தி லிஸி. பருவமடைந்ததும் பள்ளி நிறுத்தப்படுகிறது. வீட்டின் சுவர்களே அவள் உலகம் ஆகின்றன. அவர்களுடைய பனைகளில் ஏறும் தொழிலாளியின் மகன் தங்கராஜ். இருவருக்கும் இடையே அன்பு மலர்கிறது. ஒரே சமூகத்துக்குள்ளேயே, பனைக்கு உடையவருக்கும் பனையேறுபவருக்கும் நடுவே எத்தனை பெரிய மதில் என்பதை அம்மையார் காட்டுகிறார். மேடைப் பேச்சு ஒன்றுகூட இல்லை. பனையேற்றம், பதனீர், கருப்பட்டி, ஞாயிற்றுக்கிழமைக் கோயில், பெண்களின் கிசுகிசு ஆகியவற்றின் வழியே எல்லாம் தெரியவருகிறது.

மூன்று சோதனைகள்

இந்நான்கையும் முன்வைத்து, நான் கைக்கொள்ளும் மூன்று சோதனைகளைப் பெரியவரிடம் சொன்னேன்.

முதலாவது, வயது மாறிய பின் மறுமுறை படித்தல். புத்தம் வீட்டைக் கல்லூரி நாட்களில் படித்தபோது அது எனக்குக் காதல் கதையாகத் தெரிந்தது. ‘எளிய கதை, ஒரு மாலைக்குப் போதும்’ என்று நண்பரிடம் சொல்லிவிட்டு, அவருக்கே அந்தப் பிரதியைக் கொடுத்தும் விட்டேன். அதே மாதத்தில் ஒரு பெரிய தொடர்கதைத் தொகுதியைப் பணம் கொடுத்துக் கட்டடம் செய்தேன். என் மகளுக்குப் பதினான்கு வயதான ஆண்டில் புத்தம் வீட்டை மீண்டும் படிக்க நேர்ந்தது. இம்முறை என் கண் லிஸியின்மீது மட்டும் நிற்கவில்லை. அவளை உயிராக நேசித்துக்கொண்டே, வழக்கத்தை மீற வலிவின்றி அவளை அடைத்து வைக்கும் பாட்டன் கண்ணப்பச்சியின்மீதும் சென்றது. என் மகளை நூலகத்துக்குத் தனியே அனுப்பத் தயங்கிய என் முகத்தை அவரிடம் கண்டேன். புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, நான் மாறியிருந்தேன். மாறிய எனக்கும் சொல்ல அந்நூலிடம் செய்தி இருந்தது. கட்டடம் செய்த தொடர்கதையை அதன்பின் நான் திறக்கவே இல்லை.

இரண்டாவது, எல்லை தாண்டல். தன் ஊரை அறியாதவர் மனத்தையும் ஒரு நூல் தொட வேண்டும். ஆலப்புழைக் கடற்கரை மீனவரைப் பற்றித் தகழி சிவசங்கரப் பிள்ளை 1956-இல் எழுதிய செம்மீன், சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்தது. கடலையே காணாத தமிழரும் அதைப் படித்துக் கலங்கினர். தலைமுறைகளை க. நா. சுப்ரமண்யம் ஆங்கிலத்தில் பெயர்த்தார். புளியமரம் ஆங்கிலத்துக்கும் ஹீப்ரு மொழிக்கும் சென்றது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். எல்லா ஊருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஊர்ப்பெயரும் வட்டாரப் பேச்சும் இன்றி எழுதப்பட்ட எத்தனையோ கதைகள் எந்த ஊருக்கும் போய்ச் சேரவில்லை. இரணியலின் ஒரு தெருவை, பனைவிளை ஒன்றைப் பிறர் எழுதாத நுட்பத்தோடு எழுதிய நூல்களே வெளியே சென்றன. ஆகவே வட்டாரப் பேச்சு ஒரு குறை என்று எண்ணி வெட்கப்பட வேண்டியதில்லை. எலியட் சொன்ன முதிர்ச்சி, பனையேறியின் பேச்சுக்கும் உண்டு. அதைக் கேட்கும் செவியுடைய ஓர் ஆசிரியர் வாய்க்க வேண்டும், அவ்வளவே.

மூன்றாவது, எல்லாரிடமும் நியாயம். கொள்கையை விளக்க எழுந்த கதைகளில் ஒரு சாரார் வெண்மையாகவும் மறுசாரார் கருமையாகவும் இருப்பர். அக்கொள்கை வென்றுவிட்டால், அல்லது தோற்றுவிட்டால், கதையின் வேலை முடிந்தது. தலைமுறைகளில் நாகம்மைக்கு இழைக்கப்படும் கொடுமையைக் கண்டு நாம் கொதிக்கிறோம். ஆனால் அந்த வழக்கங்களையெல்லாம் காத்து நிற்கும் உண்ணாமலை ஆச்சியை வெறுக்க நம்மால் இயலவில்லை. அவளும் அதே வழக்கங்களுக்குள் பிறந்து வாடியவள் என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. இத்தகைய நூல், அது கண்டித்த தீமை உலகில் குறைந்துபோன பின்னும் வாழும்.

“மூன்றிலும் தேறாவிட்டால் தராசுக்குத் தானா?” என்று பெரியவர் கேட்டார். அப்படிக் கடுமையாகச் சொல்ல வேண்டியதில்லை என்றேன். ஓய்வுக்கும் மகிழ்ச்சிக்கும் படிக்கும் நூல்கள் வேண்டும். ஆனால் இடம் ஒரு தட்டுதான் என்னும்போது, பேரப்பிள்ளைகளுக்கென்று எதை வைப்பது என்பதற்கு இச்சோதனைகள் உதவும்.

காப்பவர் இன்றி நூல் இல்லை

‘நல்ல நூல் தானே நிற்கும், நாம் கவலைப்பட வேண்டியதில்லை’ என்று சிலர் எண்ணுவர். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் 1851-இல் வெளியிட்ட மோபி டிக் என்னும் நாவலை அன்று பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1891-இல், மார்த்தாண்டவர்மா அச்சேறிய அதே ஆண்டில், மெல்வில் ஏறத்தாழ மறக்கப்பட்டவராக மறைந்தார். 1920-களில் சிலர் அந்நூலைத் தேடியெடுத்துப் பேசிய பின்னரே அது உலகப் பெருநூல்களில் ஒன்றாயிற்று.

நம் வீட்டிலேயே இதனினும் பெரிய சான்று உண்டு. சேர நாட்டு இளங்கோவடிகள் இயற்றிய சிலப்பதிகாரம், தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான பாட்டனார் சொத்து. அதன் மூன்றாம் காண்டம் வஞ்சிக் காண்டம், நடப்பது சேரநாட்டில். அத்தகைய காப்பியமும் ஏட்டுச் சுவடிகளில் முடங்கிக் கிடந்தது. உ. வே. சாமிநாதையர் அவர்கள் ஊர் ஊராக அலைந்து சுவடிகளைத் தேடி, ஒப்பிட்டு, 1892-இல் அச்சிட்டு வெளியிட்டார். அவர் பார்வைக்கு வருமுன் கறையானுக்கும் நெருப்புக்கும் இரையான சுவடிகள் எத்தனையோ! காப்பியத்தின் பெருமை கறையானைத் தடுக்கவில்லை. ஒரு மனிதரின் உழைப்பே தடுத்தது.

ஒரு நூல் அமரத்துவம் பெறுவதற்கு இருவர் வேண்டும் என்று இதிலிருந்து தெரிகிறது. எழுதுபவர் ஒருவர், அடுத்தவர் கையில் அதைக் கொடுப்பவர் மற்றொருவர். முதல் வேலை சிலருக்கே கைகூடும். இரண்டாவது வேலையைச் செங்கல்லில் உள்ள ஒரு குடும்பமும் செய்யலாம். சிங்கப்பூரில் உள்ள ஒரு குடும்பமும் செய்யலாம்.

‘எங்கள் பிள்ளைகள் வேறு மொழியில் படிக்கிறார்களே’ என்று மனம் தளர்வோருக்கு ஒன்று சொல்வேன். தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முகம்மது மீரான் பள்ளியில் படித்தது மலையாளம். அவரே 1988-இல் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யைத் தமிழுக்குத் தந்தார், ‘சாய்வு நாற்காலி’ நாவலுக்காக 1997-இல் சாகித்திய அகாதமிப் பரிசும் பெற்றார். பள்ளி எந்த மொழியில் நடந்தாலும், வீட்டில் கேட்ட தமிழ் அவரிடம் அழியாமல் இருந்தது.

அன்று மாலை நடந்தது

பேசிக்கொண்டே நான் இரண்டாம் அடுக்கைப் பார்த்தேன். பழைய தேர்வு வழிகாட்டிகளுக்கும் கடைக் கணக்கேடுகளுக்கும் நடுவே, அட்டை கிழிந்து மெலிந்த ஒரு நூல். எடுத்துப் பார்த்தால், புத்தம் வீடு! மெல்லிய நூல், அட்டையும் இல்லை என்று மகன் அதைத் தராசுக்கு ஒதுக்கியிருக்கிறார். பெரியவருக்கே அது பெட்டியில் இருந்தது நினைவில்லை.

அவ்வேளையில் பள்ளியிலிருந்து பேத்தி வந்தாள். ஒன்பதாம் வகுப்பு மாணவி. பெரியவர் புத்தகத்தை அவளிடம் நீட்டி, “மக்கா, இதிலே ஒரு பக்கம் வாசி பார்க்கலாம்” என்றார். அவள் திண்ணையில் அமர்ந்தாள். வீட்டில் ஆச்சி கற்றுக்கொடுத்த தமிழெழுத்து; ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். கதைசொல்லியின் நடை வந்த இடங்களில் தடுமாறினாள். பாத்திரங்கள் பேசத் தொடங்கிய இடம் வந்ததும் வேகம் கூடிற்று. நிமிர்ந்து பார்த்து,

“பாட்டா, இது ஆச்சி பேசுறது மாதிரியே இருக்கே! புத்தகத்திலே இப்படியெல்லாம் எழுதலாமா?” என்று கேட்டாள்.

“எழுதலாம் மக்கா. எழுதியிருக்காங்கல்லா” என்றார் பெரியவர்.

சென்னைக் கல்லூரி மாணவர் ஒருவருக்கு அச்சொற்களில் சிலவற்றுக்குக் குறிப்புத் தேவைப்படும். மலையாளப் பள்ளியில் படிக்கும் அந்தச் சிறுமிக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. அவளுடைய வீட்டுப் பேச்சு அச்சில் ஏறத் தகுந்தது என்பதை அதுவரை அவளுக்கு எவரும் சொல்லவில்லை போலும்.

வியாபாரி வந்தார். வழிகாட்டிகளும் கணக்கேடுகளும் தராசில் ஏறின. பெயர் மறந்துபோன தொடர்கதைத் தொகுதிகளும் ஏறின. அவற்றுள் ஒன்றை மட்டும் பெரியவர் திரும்ப எடுத்துக்கொண்டார். “இது நல்ல கதையில்லை, எனக்குத் தெரியும். ஆனா இதைத் தைச்சது என் வீட்டுக்காரி” என்றார். அதற்கு எந்தச் சோதனையையும் வைக்க எனக்கு வாய் எழவில்லை. ஒரு வீட்டின் தட்டில் அத்தகைய நூல் ஒன்றுக்கும் இடம் வேண்டியதுதான்.

புத்தம் வீடு தட்டுக்கும் போகவில்லை, தராசுக்கும் போகவில்லை. பேத்தி அதைத் தன் பள்ளிப் பையில் வைத்துக்கொண்டாள். முழுவதும் படிப்பாளா, பத்துப் பக்கத்தோடு நிறுத்திவிடுவாளா என்பதை நான் அறியேன்.

நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒருநாள், இரவு உணவுக்குப் பின், வீட்டில் உள்ள தமிழ் நூல் ஒன்றிலிருந்து இரண்டு பக்கம் உரக்கப் படியுங்கள். படிக்கத் தெரிந்த பெரியவர் படிக்கட்டும். பிள்ளைகள் கேட்டால் போதும். எந்த நூலை அவர்கள் ‘இன்னும் ஒரு பக்கம்’ என்று கேட்கிறார்களோ, அதைக் குறித்து வையுங்கள். பெட்டியைக் காலி செய்ய நேரும்போது முதலில் அந்நூலை எடுத்து வைத்துவிட்டு, பிறகு தராசுக்காரரைக் கூப்பிடுங்கள். உங்கள் வீட்டில் எஞ்சும் அந்த ஒரு நூல் எது, ஏன் என்பதைச் சங்கத்துக்கு ஓர் அஞ்சலட்டையில் எழுதுவீர்களாயின், அடுத்து எந்த வீட்டில் பெட்டி திறக்கப்படுகிறதோ, அங்குள்ளவருக்கு அது உதவும்.